நங்கூரமிட்ட கப்பலில் இங்கிலீஷ் பாட்டு

பிப்ரவரி 4

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் உரல் போல அசையாமல் சௌக்கியம். அங்கே நீ, உன் பள்ளிக்கூடம், உன் சிவப்பு மைப் பேனா மூவரும் சௌக்கியமா?

இதை நீ உங்கக்காவுக்குப் படித்துக் காட்டுவாய் என்று தெரியும். அவளுக்கு எழுத்துத் தெரியாதது எனக்கு ஒரு வசதி. அவள் என்னைத் திட்டினாலும் உன் பேனா வழியாகத்தான் வர வேண்டும், வருவதற்குள் பாதி வடிந்துவிடும். மகாராணியிடம் சொல்: உன் புருஷன் தின்று கொழுத்துக்கொண்டிருக்கிறான், சட்டைப் பொத்தான் நிற்கவில்லை, நீ ஊராருக்குக் காஜா எடுத்தது போதும், இனி எனக்கு எடு.

கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. முதலாளிக்கும் கோர்ட்டுக்கும் ஏதோ மனஸ்தாபம். அது தீரும்வரை கப்பல் நகரக் கூடாது, நாங்களும் கரையில் கால் வைக்கக் கூடாது. ஓரிரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று கேப்டன் சொல்கிறார். தண்ணீர்ப் படகு வரும்போது கடிதம் போகும், வரும்.

மற்றபடி பண்டாரி வேலை நடக்கிறது. பதினோரு பேருக்குச் சமைக்கிறேன், பதினோரு பேரும் உப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நேற்று கப்பல் ஆட்களுக்கு மேஸ்திரியான செராங் கேட்டார், "ஏம்ப்பா பண்டாரி, கடல் தண்ணியிலயா உலை வச்சே?" பக்கத்தில் உட்கார்ந்த பெரிய இன்ஜினியர், "எனக்கு உப்பே இல்லையேய்யா" என்றார். "அப்ப ரெண்டு பேரும் தட்டை மாத்திக்குங்க, கப்பல் நேரா நிக்கும்" என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முன்னே இருந்த ஆபீசர் ஒருவர் ஒரு தடிப் புத்தகத்தை விட்டுப் போயிருந்தார். அதை மாவு டப்பா மூடிமேல் பாரமாக வைத்திருந்தேன். சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா, திறந்து பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ் பாட்டு. இருநூறு முந்நூறு வருஷத்துச் சரக்காம், கேப்டன் சொன்னார். என் படிப்பு அஞ்சாம் கிளாஸ் என்பது உனக்குத் தெரியும். என் இங்கிலீஷ் டப்பா இங்கிலீஷ். சர்க்கரை, மாவு, மீன் என்று டப்பாவில் ஒட்டியிருப்பதைப் படித்துவிடுவேன். கப்பல் பேச்சால் காதுக்கும் கொஞ்சம் பழக்கம். ஆனால் இந்தப் புத்தகத்தில் தெரிந்த வார்த்தைகூட, கல்யாண வீட்டில் எதிரே வந்த பணக்காரச் சொந்தம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறது.

எம்.ஏ. படித்த கொழுந்தியாள் எதற்கு இருக்கிறாள்? இதை எந்தப் பக்கம் பிடித்து உரிப்பது என்று எழுதவும்.

உன் பாடத்துக்குக் காத்திருக்கும்,
கடைசி பெஞ்சு அத்தான்

*

பிப்ரவரி 23

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம். நானும் அக்காவும் நலம். கடிதம் படித்தேன். பொத்தான் விஷயத்தைக் கேட்டுவிட்டு அக்கா, "அந்த மனுஷனுக்கு வயிறு வளர்ந்த அளவுக்கு வயசு வளரலை" என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன், வடிய விடாமல்.

நீங்கள் பாட்டு படிக்கிறேன் என்றதும் கேலி செய்கிறீர்களோ என்று நினைத்தேன். அப்புறம் நானே யோசித்துப் பார்த்தேன். படிப்பு முடிந்த பிறகு ஒரு பாட்டையாவது எனக்காகப் படித்திருக்கிறேனா? இல்லை. ‘இக்கவிதையின் மையக்கருத்து யாது, ஐந்து மதிப்பெண்’ என்று கேள்வி எழுதத்தான் படித்திருக்கிறேன். அதனால் இதை உங்களுக்காக மட்டும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். அது பந்தி இல்லை, சந்தை. புரட்டுங்கள், பார்க்கச் சின்னதாக, பத்து வரிக்குள் இருக்கும் ஒன்றின் முன்னால் நில்லுங்கள். அதைச் சத்தமாகப் படியுங்கள். மனசுக்குள் படித்தால் கண் ஓடிவிடும், வாய்விட்டுப் படித்தால் நாக்கு நிற்கும். மூன்று நாள் அதையே படியுங்கள். தெரியாத வார்த்தை வந்தால், வழியில் படுத்துத் தூங்குகிற நாயைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போங்கள். எழுப்ப வேண்டாம். தானாக எழுந்து வாலாட்டும்போது பார்த்துக்கொள்ளலாம். ‘தௌ’, ‘தீ’ என்று எதையாவது பார்த்தால் பயப்படாதீர்கள், அந்தக் காலத்து இங்கிலீஷில் அதெல்லாம் நீ, உன்னை.

புரிந்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளாதீர்கள். பிடித்ததா என்று மட்டும் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பக்கத்தைத் திருப்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு. என் பிள்ளைகளுக்கு நான் இதுவரை கொடுக்காத உரிமை அது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அன்புடன்,
கொழுந்தியாள்

*

மார்ச் 14

என் குருவே, கும்பிடு. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் இருவரின் சுகத்தையும் தண்ணீர்ப் படகுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

நீ சொன்னபடி ஒரு குட்டிப் பாட்டைப் பிடித்தேன். எட்டு வரி. மாவு அரைக்கிற கல்லைச் சுற்றிச் சுற்றி வருகிற கழுதையைப் பற்றி யாரோ ஒரு புண்ணியவான் பாடியிருக்கிறார். கழுதை, மாவு இரண்டும் தெரிந்த வார்த்தை. ஒன்று டப்பாவில் படித்தது, இன்னொன்று கேப்டன் என்னைக் கூப்பிடுவது.

மூன்று நாள் அடுப்படியில் நின்று சத்தமாகப் படித்தேன். முதல் நாள் தொண்டை கட்டியது. இரண்டாம் நாள் சோறு அடிபிடித்தது. மூன்றாம் நாள் ஒரு அதிசயம். கையில் இருந்த கரண்டி தானாகப் பாட்டுக்குச் சரியாகச் சுற்றுகிறது. மெதுவாக ஒன்று, அழுத்தி ஒன்று, மெதுவாக ஒன்று, அழுத்தி ஒன்று. கழுதை நடை அது. அர்த்தம் மண்டைக்கு வருவதற்குள் கைக்கு வந்துவிட்டது. இருபது வருஷமாகக் காலடியில் இன்ஜின் துடிக்கிற சத்தத்தில் தூங்கியவன் நான். நிறுத்திய பிறகு காது காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் இப்போது இந்தக் கழுதை வந்து நடக்கிறது.

செராங்குக்கும் படித்துக் காட்டினேன். "கழுதைக்கு எப்ப சம்பளம்?" என்று கேட்டார். பாட்டில் அது இல்லை என்றேன். "அப்ப நம்ம கப்பல் பாட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு சந்தேகம். ஒவ்வொரு வரி முடிவிலும் நின்று நின்று படித்தால், கடைக்காரனிடம் சாமான் கேட்கிற மாதிரி இருக்கிறது. எங்கே நிற்பது, எங்கே ஓடுவது?

இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற ஆயிலரின் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வீட்டுக் கடிதம் வந்தது, அவரை அனுப்பிவிட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று பேருக்கும் அப்படி வழி பிறந்தது. எனக்கும் வேலை குறைந்தது. பெரிய பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன், நடுப் பானை போதும்.

மகாராணியிடம் சொல், உன் புருஷன் இங்கிலீஷ் பேசுகிற கழுதையாகித் திரும்பி வருவான் என்று.

*

ஏப்ரல் 5

அன்புள்ள அத்தானுக்கு, இங்கே எல்லோரும் நலம். அக்கா கழுதைப் பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். கேட்டுக்கொண்டே காஜா எடுத்தாள். ஊசியும் அந்த நடைக்குப் போனது, நான் பார்த்தேன்.

நல்ல சந்தேகம் கேட்டீர்கள். வரி முடிகிற இடத்தில் நிற்காதீர்கள். புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே நில்லுங்கள், காற்புள்ளியில் மூச்சு மட்டும் விடுங்கள். வரி என்பது படிக்கட்டு, இறங்குகிறவன் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்தால் கீழே வந்து சேரமாட்டான். அதே சமயம் படி இருக்கிறது என்பது காலுக்குத் தெரிய வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பழகினால் பாட்டு பேச்சாகிவிடும்.

அப்படிப் பேச்சானதும் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: யார் பேசுகிறார்கள்? யாரிடம்? எழுதினவரே பேசுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டுக்குள் ஒரு ஆள் நிற்பார், அவர் பொய்கூடச் சொல்லலாம். நீதி என்ன, கருத்து என்ன என்று மட்டும் தேடாதீர்கள். அந்தக் கெட்ட பழக்கத்தைப் பரப்புகிற வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

நானும் பழைய புத்தகத்தை எடுத்து இடைவேளையில் ஒன்றிரண்டு படிக்கிறேன். பக்கத்து மேஜைக் கணக்கு டீச்சர், "என்ன, மறுபடியும் பரீட்சை எழுதப்போறியா?" என்று கேட்கிறார்.

ஒரு நல்ல செய்தி. போன வாரம் கம்பெனி ஏஜெண்டு ஆபீசிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். கப்பலில் இருப்பவர்கள் வீடுகளுக்கெல்லாம் போய் விசாரிக்கிறாராம். "வீட்டுக்காரர் எப்படி இருக்கறதா எழுதறார்?" என்று கேட்டார்.

அக்கா விடுவாளா? "அவருக்கென்ன சார், ராஜா மாதிரி இருக்கார். சட்டை போதலையாம். இங்கிலீஷ் பாட்டெல்லாம் படிக்கிறார். ஏய், அந்தக் கடிதத்தைப் படிச்சுக் காட்டு சாருக்கு."

படித்துக் காட்டினேன். தட்டு மாற்றிய இடத்தில் அவர் சிரித்தே விட்டார். "உங்களுக்கு ஏதாவது அவசரம் உண்டாம்மா, அவர் உடனே வரணும்னு?" என்று கேட்டார்.

"அவசரம் என்ன சார். ஆம்பளை, வேலையை முடிச்சிட்டு மெதுவா வரட்டும்" என்றாள். வெளியாள் முன்னால் புருஷனை அனுப்பி வையுங்கள் என்று கேட்கிறவளா அவள். அவர் போன பிறகு தெருமுனைவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

ஏப்ரல் 28

டீச்சரம்மாவுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுக்கும் மகாராணிக்கும் கப்பல் பண்டாரியின் வந்தனம். இருவரும் நோய் நொடி இல்லாமல் என்னை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்குப் பதவி உயர்வு. செராங், பெரிய இன்ஜினியர், கேப்டன் எல்லோருக்கும் கரைக்குப் போகச் சீட்டு வந்தது. நங்கூரத்தில் நிற்கிற கப்பலை ஆளில்லாமல் விடக் கூடாது என்று கோர்ட்டு விதியாம். பொறுப்பான ஆளாகப் பார்த்து என்னைப் போட்டிருக்கிறார்கள். கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நாற்காலி ஒன்றும் பிரமாதமில்லை, முதுகு வலிக்கிறது, அதனால்தான் அந்த மனுஷன் எப்போதும் எரிந்து விழுந்திருக்கிறார்.

நீ சொன்ன படிக்கட்டு வேலை செய்கிறது. வேறொரு பாட்டைப் பிடித்திருக்கிறேன், கொஞ்சம் நீளம். ஒரு கிழவர் தன் வீட்டு வேலி ஓரமாக நின்று, அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் பேசுகிறார். என் கூரை ஒழுகவில்லை என்கிறார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்கிறார். நாய் படுத்திருக்கிறது, கதவுக்குப் புதுக் கொண்டி போட்டேன், இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார். ஒவ்வொரு பத்தி முடிவிலும் அதே ‘இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது’. சரியான பீற்றல் கிழவர். நம் தெருவில் இருந்தால் வீடு விற்கிற தரகர் வேலைக்குப் போயிருப்பார். வாய்விட்டுச் சிரித்தேன்.

சின்னப் பானைக்கு வந்துவிட்டேன். அளவு பழகவில்லை, முதலில் நிறைய மிஞ்சியது.

*

மே 16

அன்புள்ள அத்தானுக்கு, நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை அக்கா தையல்கடை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

உங்கள் கிழவர் பாட்டு என் புத்தகத்தில் இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பார்க்கிறேன். சிரித்தது தப்பே இல்லை, முதல் தடவை சிரிக்கத்தான் வேண்டும். ஒரே ஒரு கேள்வி. அவர் யாரிடம் பேசுகிறார்? அந்தப் பக்கம் நிற்கிறவர் ஏதாவது பதில் சொல்கிறாரா? ஒரு தடவை இருமுகிறாரா, தலையாட்டுகிறாரா? நன்றாக இருக்கிற வீட்டுக்காரர் அதை ஏன் அத்தனை தடவை சொல்ல வேண்டும்?

பாட்டில் சொன்னதைப் படிப்பது பாதிதான். சொல்லாமல் விட்டதை யார் கண்டுபிடிக்கிறாரோ அவருக்குத்தான் அது முழுசாகக் கிடைக்கும். மறுபடி படித்துவிட்டு எழுதுங்கள்.

உங்களோடு இன்னும் யார் யார் கப்பலில் இருக்கிறார்கள் என்று அக்கா கேட்கச் சொன்னாள்.

*

ஜூன் 25

அன்புள்ள அத்தானுக்கு. உங்களிடமிருந்து பதில் இல்லை. தண்ணீர்ப் படகு வராததால் இருக்கும் என்று அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் விளையாடப் போன வகுப்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன், உங்களுக்குச் சொன்ன மாதிரியே. சத்தமாக, புள்ளியில் நின்று, யார் யாரிடம் பேசுகிறார் என்று கேட்டுக்கொண்டு.

முதல் கடிதத்தில் பதினோரு பேரும் உப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். அடுத்ததில் செராங் மட்டும் பேசுகிறார், உப்பைப் பற்றி அல்ல. கடைசிக் கடிதத்தில் யாருமே பேசவில்லை. அத்தான், உங்கள் சமையலை யாரும் குறை சொல்லாத ஒரு நாள் உண்டா? பெரிய பானை, நடுப் பானை, சின்னப் பானை. சின்னப் பானையிலும் மிஞ்சுகிறது என்றால் சாப்பிடுவது எத்தனை பேர்?

நான் எம்.ஏ. படித்தவள். இதை நான் மே மாதமே படித்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினேன், அக்காவும் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

எனக்கு மட்டும் எழுதுங்கள். நான் யாருக்கும் படித்துக் காட்டமாட்டேன்.

*

ஜூலை 9

அன்புள்ள டீச்சரம்மா, நலமாயிரு. நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கீழே எழுத முயற்சி செய்கிறேன்.

நாலு தாள் கிழித்தாயிற்று. உள்ளதை எழுத உட்கார்ந்தால் பேனா வேடிக்கை பேசுகிறது. ‘கப்பலில் இப்போது முதலாளி, தொழிலாளி, பூனை மூன்றும் நானே’ என்று ஆரம்பித்தேன். அதைக் கிழித்தேன். ‘உப்பைக் குறை சொல்ல ஆளில்லாததால் நானே என்னைத் திட்டிக்கொள்கிறேன்’ என்று ஆரம்பித்தேன். அதையும் கிழித்தேன். ஐம்பது வயசுவரை ஒரே வாயை வைத்துக்கொண்டு பிழைத்தவனுக்கு வேறு வாய் எங்கே கிடைக்கும்?

ஆமாம், நான் ஒருத்தன்தான்.

உன் கேள்வி வந்த அன்றே கிழவர் பாட்டை மறுபடி படித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லையம்மா. கடைசிப் பத்தியில் காற்று வந்து கதவைச் சாத்துகிறது, அவ்வளவுதான். பதில் சொல்ல ஒரு ஆளையும் எழுதவில்லை. புத்தகத்தை மூடி மாவு டப்பாமேல் வைத்துவிட்டேன். பல நாள் அதன் பக்கம் போகவில்லை. அப்புறம் வேறு துணை இல்லாததால் அதையே எடுத்தேன். இப்போது அவரைப் பிடித்திருக்கிறது. சத்தமாகப் படிக்கிறபோது வேலிக்கு அந்தப் பக்கம் நான் நிற்கிறேன் அல்லவா, அவருக்கும் ஆள் கிடைத்த மாதிரி, எனக்கும்.

பாட்டு படிக்கச் சொல்லிக்கொடுத்து என்னையே படித்துவிட்டாய்.

இன்னொன்று. என்னை ஏன் நிறுத்தினார்கள் என்று கேப்டன் போகும்போது சொன்னார். "எல்லார் வீட்லயும் அழுதாங்க, அனுப்புங்கன்னு கெஞ்சினாங்க. உன் வீட்ல மட்டும்தான் மெதுவா வரட்டும்னாங்களாம். நீயும் ஜாலியா இருக்கியாமே. அதான் உன் பேரு." இதை உங்கக்காவிடம் சொல்லிவிடாதே. அவள் சொன்னது அவள் பெருமை. அந்தப் பெருமையை அவளுக்கு ஊட்டினது என் கடிதம்.

*

ஜூலை 28

அன்புள்ள அத்தானுக்கு, நலம் கேட்டு எழுத இன்று கூச்சமாக இருக்கிறது.

சொல்லிவிட்டேன். கொடுத்த வாக்கை மீறினேன். காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "கப்பல்ல யாரு யாரு இருக்காங்கன்னு அன்னைக்குக் கேக்கச் சொன்னேன்ல" என்றாள். "ஆமாம்" என்றேன். "பதிலே வரலைன்னதும் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. நீ படிச்சவ, உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, "செருப்பைப் போடு" என்றாள்.

ஏஜெண்டு ஆபீசில் அதே மனிதர். அக்கா நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றாள். "என் வீட்டுக்காரரை அனுப்புங்க சார்."

"நீங்கதானேம்மா மெதுவா வரட்டும்னீங்க?"

"அன்னைக்கு நீங்க விருந்தாளியா வந்தீங்க. அதனால அப்படிச் சொன்னேன். இன்னைக்கு நான் கேக்க வந்திருக்கேன்."

அவர் கெட்டவர் இல்லை. கோப்பைத் திருப்பிக் காட்டினார். ‘மகிழ்ச்சியாக இருக்கிறார், குடும்பத்துக்கு அவசரமில்லை’ என்று எழுதியிருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் நீங்களே உங்கள் கையால் நிலைமையை எழுதி அனுப்ப வேண்டுமாம். கோர்ட்டில் வைப்பார்களாம். "தமாஷா எழுதினா எடுபடாதும்மா" என்றார்.

அக்கா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "என்னைச் சிரிக்க வைக்கணும்னு எழுத வேணாம். சிரிச்சது போதும். எனக்கு எழுதுங்க. இவ குறுக்க நிக்கமாட்டா, படிச்சு மட்டும் காட்டுவா."

*

ஆகஸ்ட் 17

என் மனைவிக்கு.

நீ நன்றாக இரு. நான் நன்றாக இல்லை.

இந்தக் கப்பலில் நான் மட்டும் இருக்கிறேன். ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று சட்டம், அந்த ஆள் நான். ஜெனரேட்டர் நின்றுவிட்டது. விளக்கு இல்லை. பெட்டிப் பலகையை உடைத்து எரித்துச் சமைக்கிறேன். அரிசி இருக்கிறது, அதில் புழு இருக்கிறது. தண்ணீர்ப் படகு சொன்ன நாளில் வருவதில்லை. வராதபோது மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கிறேன். உடம்பு இளைத்துவிட்டது. முதல் கடிதத்திலேயே சட்டை போதவில்லை என்று எழுதினது பொய்.

இங்கிருந்து கரை தெரிகிறது. அதுதான் கஷ்டம். சாலையில் பஸ் போவது தெரிகிறது. ஒரு மாடியில் ஒரு பெண் காலையில் துணி உலர்த்துகிறாள். கையசைத்துப் பார்த்தேன். அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது.

சில நாள் யாரோ கூப்பிட்டதாக நினைத்துப் பதில் சொல்லிவிடுகிறேன். அது எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் பொறுப்பான ஆள் என்பதால் என்னை நிறுத்தவில்லை. நான் கேட்கவில்லை என்பதால் நிறுத்தினார்கள். இப்போது கேட்கிறேன். நான் வீட்டுக்கு வர வேண்டும். சீக்கிரம் வர வேண்டும். இதை எங்கே காட்ட வேண்டுமோ அங்கே காட்டு.

உன் புருஷன்

*

செப்டம்பர் 12

அன்புள்ள அத்தானுக்கு, தைரியமாக இருங்கள். படித்துக் காட்டினேன். அக்கா ஒரு இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும், "இதான் அவர் குரலு. எங்களுக்குள்ள பேசறப்ப இப்படித்தான் பேசுவார்" என்றாள். எனக்கு அது தெரியாது.

கோர்ட்டுக்கு இங்கிலீஷில் வேண்டும் என்றார்கள். ஆபீசிலேயே உட்கார்ந்து நான் எழுதினேன். படித்த பெரிய வார்த்தைகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன, ஒன்றையும் சேர்க்கவில்லை. ‘நான் நன்றாக இல்லை’ என்பதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எடுக்கவோ சேர்க்கவோ ஒரு எழுத்தும் இல்லை. ஏஜெண்டு ஆபீஸ்காரர் வாங்கிப் படித்தார். பிறகு வாசல்வரை வந்து எங்களை வழியனுப்பினார்.

உத்தரவு ஆகிவிட்டது. உங்களுக்குப் பதிலாக ஒரு ஆள் கப்பலில் ஏறிய பிறகுதான் நீங்கள் இறங்கலாமாம். ஆள் தேடுகிறார்கள். அக்கா தினமும் போய் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள், துணியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு.

*

அக்டோபர் 6

என் மகாராணிக்கும் டீச்சரம்மாவுக்கும், உயிரோடு இருக்கும் பண்டாரி எழுதுவது. இதைக் கரையில் இறங்கிய கையோடு தபாலில் போடுவேன். கடிதம் முந்துகிறதா நான் முந்துகிறேனா பார்க்கலாம். நான் முந்தினால் இதைப் படிக்க வேண்டாம், வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆள் வந்துவிட்டார். காலையில் படகில் வந்து ஏணி ஏறினார். முப்பது வயசிருக்கும், வீட்டில் கைக்குழந்தையாம். சீட்டியடித்துக்கொண்டே ஏறினார். காவல் வேலை, ஒரு மாசம், சாப்பாடு உண்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அரிசி எங்கே, பலகை எங்கே, மழைத் தண்ணீர் பிடிக்கிற தொட்டி எங்கே என்று காட்டினேன். புழு இருக்கிறது என்பதையும் சொன்னேன். "புழுவும் கறிக்கணக்குதான் அண்ணே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பேசுகிற மாதிரியே பேசுகிறார்.

ஏணிப் பக்கம் போனேன், திரும்பி வந்தேன். என் கால் கரைக்குப் போக வேண்டுமானால் இவர் கால் இங்கே நிற்க வேண்டும். அப்படித்தான் சட்டம். அதை மாற்ற எனக்குப் படிப்பு இல்லை.

அவர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார், "படகு போறதுக்குள்ள வீட்டுக்கு ஒரு வரி எழுதிக் குடுத்துடறேன் அண்ணே. சௌக்கியம்னு போட்டுடவா?"

"போடாதே. இங்க பார்த்ததை எழுது."

"பயந்துடுவாளே."

"பயப்படட்டும். பயந்தவதான் ஆபீஸ் படி ஏறுவா."

அவர் சிரித்தார். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். என் முகம் அப்படி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல் மறுபடி சொன்னேன். என் வீட்டில் என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள், எப்படி என் பேர் விழுந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சீட்டியை நிறுத்திவிட்டார்.

கீழே படகுக்காரர் கத்துகிறார். இவர் எதிரே பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னும் முதல் வார்த்தையை எழுதவில்லை. எழுதட்டும், அதைப் பார்த்துவிட்டு இறங்குகிறேன்.